ஃபாண்ட் போட வந்த பொண்ணு

பிரவுசரில் தமிழ் வரவில்லையென்றால் முதலில் மானிட்டரைத் தட்டுவார்கள், அப்புறம் பின்னாலிருக்கும் ஒயரைப் பிடுங்கிச் செருகுவார்கள், இரண்டும் பலிக்காவிட்டால்தான் எனக்கு போன் செய்வார்கள்.

நீங்களும் தட்டியிருப்பீர்கள். நமக்குள் என்ன வெட்கம்? இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருடம் ஆகியிருந்த காலம் அது. ஒவ்வொரு தமிழ்ப் பத்திரிகையும் தனக்கென்று ஒரு ஃபாண்ட் வைத்துக்கொண்டிருந்தது. அது உங்கள் கம்ப்யூட்டரில் இல்லையென்றால், தலையில் தொப்பியும் காலில் வாலும் வைத்த இங்கிலீஷ் எழுத்துகள் வரிசையாக வந்து நிற்கும். யூனிகோடில் எழுதியதாக இருந்தால் அதுவும் கிடையாது, பக்கம் முழுக்க வெறும் கட்டம். வைரஸ் என்று பயந்து கம்ப்யூட்டரைத் துணி போட்டு மூடி வைத்தவர்களை எனக்குத் தெரியும். நீங்கள் அதில் ஒருவராக இருந்தாலும் வெளியே சொல்ல மாட்டேன்.

திருவள்ளூர் ரயிலடி ரோட்டில் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் கடையில் நான் சர்வீஸுக்கு இருந்தேன். ஊத்துக்கோட்டைக்காரரான ஓனரையும் சேர்த்துக் கடையில் மொத்தம் இரண்டு பேர். அவர் விற்பார், நான் ஓடுவேன். டிப்ளமா முடித்த கையோடு சித்திரையில் சேர்ந்தேன். சேரும்போதே வீட்டில் ஒரு கெடு வைத்துவிட்டார்கள். அப்பா காக்களூர் எஸ்டேட்டில் வால்வு செய்கிற கம்பெனியில் ஃபிட்டர். "ஆடி முடியற வரைக்கும் போ. ஆவணி பொறந்ததும் மாப்ள பாக்க ஆரம்பிப்பேன். ஜாதகம் சேந்துச்சுன்னா வேலைய வுட்டுடணும்" என்றார். நான் தலையாட்டினேன். அந்த வேலை எனக்கு அவ்வளவு பிடித்துப்போகும் என்று அப்போது தெரியாது. கட்டம் கட்டமாக நின்ற பக்கம் கண் சிமிட்டுவதற்குள் தமிழாக மாறும் பாருங்கள், அந்த ஒரு நொடிக்காக எந்த பஸ்ஸிலும் தொங்கிக்கொண்டு போகலாம் என்று ஆகிவிட்டது.

இன்ஜினியர் எங்க?

என் முதல் வெளிவேலை கும்மிடிப்பூண்டியில் கம்பி உருட்டுகிற ஒரு மில்லில். இரண்டு பஸ் மாறிப் போய் இறங்கினால், கேன்டீன் வேலைக்கு ஆள் எடுக்கும் வரிசையில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார் வாட்ச்மேன். அதில் கால் மணி நேரம் நின்றேன். விவரம் சொல்லி ஆபீசுக்குள் நுழைந்தபோது மேனேஜர் என் தோளுக்கு மேலே வாசலைப் பார்த்தார். "இன்ஜினியர் பின்னாடி வராரா?" "நான்தான் சார்." அவர் இன்னொரு முறை வாசலைப் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் நாற்காலியைக் கொடுத்தார்.

இரண்டு மாதமாக அவருக்குக் கம்ப்யூட்டரில் பேப்பர் தெரியவில்லை. ஃபாண்ட் சிடியைப் போட்டு, அந்தப் பத்திரிகையின் ஃபாண்டை ஏற்றி, மெனுவில் என்கோடிங்கை மாற்றினேன். தொப்பி வைத்தவர்கள் எல்லாரும் ஓடிப்போய்த் தமிழ் வந்துவிட்டது. மேனேஜர் ஆசையாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முதல் செய்தியைப் படித்தார். கும்மிடிப்பூண்டி பகுதியில் பராமரிப்புப் பணிக்காக நாளை காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை மின்தடை. அவர் முகம் அப்படியே தொங்கிவிட்டது. முதலாளிக்கு போன் போட வேண்டும், ஃபர்னஸை நிறுத்த வேண்டும், ஷிஃப்டை மாற்ற வேண்டும். போனை எடுப்பதற்கு முன்னால் என்னைப் பார்த்துச் சொன்னார்: "தெரியாம இருந்திருந்தா தலவலி நாளைக்கி வந்திருக்கும். உன்னால ஒரு நாள் மின்னாடியே வந்துடுச்சும்மா."

மலேசியாவிலிருந்து வந்த டிசைன்

பொதட்டூர்பேட்டையில் ஒருவர் பவர்லூம் வைத்து லுங்கி நெய்துகொண்டிருந்தார். மலேசியாவில் ஒரு கடைக்காரர் அவரிடம் வாங்குவார். ஆர்டர் போனில் வந்துகொண்டிருந்த வரைக்கும் தொந்தரவில்லை. திடீரென்று ஒருநாள் ஈமெயில் வந்திருக்கிறது. திறந்தால் திரை முழுக்கக் கட்டம். நம் ஆள் வைரஸ் என்று பயப்படவில்லை. லுங்கிக்காரர் கண்ணுக்குக் கட்டம் என்றால் லுங்கிதானே! பிரின்ட் எடுத்து, ஸ்கேல் வைத்து அளந்து, எத்தனை கட்டத்துக்கு ஒரு இடைவெளி வருகிறது என்று எண்ணி, வெள்ளையில் கறுப்புக் கட்டம் போட்டு ஒரு சாம்பிள் பீஸும் நெய்துவிட்டார். நான் போனது கலர் தெரியவில்லை என்ற புகாருக்கு. "டிசைன் வந்துகீது, கலர் மட்டும் வர்ல பாப்பா. பிரின்டருக்கு மையி ஊத்தணுமா?" என்று கேட்டார்.

சாம்பிளை விரித்துக் காட்டினார். சத்தியமாகச் சொல்கிறேன், பார்க்க நன்றாகவே இருந்தது. எனக்குச் சிரிப்பு முட்டியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு யூனிகோடுக்கு வேண்டியதை ஏற்றி மெயிலைத் திறந்தேன். 'அண்ணாச்சி, நலம். இங்கே கட்டம் போட்டது ஓடவில்லை. இந்த முறை கட்டமே வேண்டாம், கோடு போட்டதாக அனுப்பவும்' என்று இருந்தது. அவர் இரண்டு தரம் படித்தார். சாம்பிளை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். "வேணாம்னு அவரு எழுதனதயே நான் நெய்ஞ்சி வெச்சிகீறேன். பாப்பா, இத்த யார் கிட்டயும் சொல்லிக்கினு இருக்காத."

இத்தனை வருடம் சொல்லாமல்தான் இருந்தேன்.

படித்துக் காட்டினால் கையெழுத்து

எங்கள் ஓனரிடம் ஒரு சட்டம் உண்டு. ஃபாண்ட் போட்டு முடித்ததும் கஸ்டமர் முதல் வரியை வாய்விட்டுப் படிக்க வேண்டும், அப்புறம் சர்வீஸ் சிலிப்பில் கையெழுத்துப் போட வேண்டும். 'வந்துடுச்சு வந்துடுச்சு' என்று சொல்லி அனுப்பிவிட்டு மறுநாள் 'வரல' என்று போன் செய்கிறவர்களால் வந்த சட்டம் இது.

ஆரம்பாக்கம் பக்கம் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர் காலையிலிருந்து மூன்று முறை போன் செய்திருந்தார், தமிழ் வரவில்லை, அவசரம் என்று. போய்ச் சரி செய்துவிட்டுப் படிக்கச் சொன்னேன். அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். மறுபடி படிக்கச் சொன்னேன். கண்ணாடியைத் துடைத்தார். கடைசியில் சிலிப்பை என் கையிலிருந்து வாங்கித் தெலுங்கில் கையெழுத்துப் போட்டுவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "நாக்கு... எனக்கு கட்டமும் ஒண்ணுதாம்மா, தமிழும் ஒண்ணுதான். மேனேஜர் வந்தா எழுத்து மாரி இருக்கணும், அவ்ளதான்."

வெள்ளிக்கிழமை பூரி

ஆனி மாதம் காக்களூரிலிருந்து ஒரு புகார் வந்தது. முகவரியைப் பார்த்தால், அப்பாவின் கம்பெனி. நோட்டீஸ்களையெல்லாம் ஹெட் ஆபீஸ்காரர்கள் வெப் பக்கத்தில் போடுவார்கள், இங்கே பிரின்ட் எடுத்துக் காலை பத்து மணிக்குள் போர்டில் ஒட்டிவிட வேண்டும். அன்றைக்கு வந்தது வெறும் கட்டம். என்ன செய்வது, உத்தரவு உத்தரவுதானே. அதையே பிரின்ட் எடுத்து, சீல் குத்தி, சூப்பர்வைசர் கையெழுத்தும் போட்டு ஒட்டிவிட்டார்கள். நான் போகும்போது போர்டுக்கு முன்னால் முப்பது பேர். போனஸ் விஷயத்தை வேண்டுமென்றே மறைத்துப் போட்டிருக்கிறார்கள் என்று ஒரு கட்சி. கட்டத்தை எண்ணினால் ஆள்குறைப்புக் கணக்கு தெரிந்துவிடும் என்று இன்னொரு கட்சி. கூட்டத்தின் ஓரத்தில் கையில் ஸ்பேனரோடு என் அப்பா.

"வழி வுடுங்கப்பா, மேடம் வந்துட்டாங்க" என்றார் சூப்பர்வைசர். அப்பாவும் வழி விட்டார். பாதி வேலையில் கம்ப்யூட்டர், வாங்கும்போது கூட வந்த சிடியைக் கேட்டது. அந்த சிடியை ஆயுத பூஜையன்று சாமி படத்துக்குப் பின்னால் வைத்தவர்கள் அப்புறம் எடுக்கவே இல்லை. குங்குமத்தைத் துடைத்துப் போட்டேன். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எழுத்து வந்ததும் கை தட்டினார்கள். 'ஃபிட்டர் பொண்ணுடா' என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. அப்பாவைத் திரும்பிப் பார்க்க வெட்கமாகவும் இருந்தது, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. அதற்குள் ஒருவர் உரக்கப் படிக்கத் தொடங்கினார்: வரும் வாரம் முதல் கேன்டீனில் வெள்ளிக்கிழமை பூரி நிறுத்தப்படும், அதற்குப் பதில் ரவை உப்புமா வழங்கப்படும்.

கை தட்டிய அத்தனை பேரும் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். சாயந்தரம் வீடு திரும்ப, கடம்பத்தூர் போகும் ரயிலில் அப்பா என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஏகாட்டூர் தாண்டியதும் சொன்னார்: "எய்த்து வந்தப்ப, என் பொண்ணு என் பொண்ணுன்னு நாலு பேருக்கு சொன்னேன். பூரி போச்சுன்னு படிச்சதும் வாய மூடிக்கினேன். தப்பா நெனச்சிக்காத."

பாயின் ஃபைல்

ஆடி பாதி போனபோது பழவேற்காட்டிலிருந்து கூப்பிட்டார்கள். கருவாட்டு மண்டி வைத்திருந்த ஒரு பாய். மகன் ஜித்தாவில் இருந்தான். வாரம் ஒரு மெயில் அனுப்புவான், வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து மூன்று நிமிடம் போனில் பேசுவான். மெயில்கள் எல்லாமே கட்டம். பாய் ஒன்றையும் விடாமல் பிரின்ட் எடுத்து, தேதி போட்டு, ஃபைலில் கோத்து வைத்திருந்தார். "நீளமா வந்தா புள்ள சந்தோசமா கீறான். குட்டையா வந்தா வேல ஜாஸ்தி. நாங்க அப்படி தெரிஞ்சிக்குவோம்மா" என்றார். போனில் மகன் 'வாப்பா, லெட்டர் படிச்சீங்களா' என்று கேட்டால் 'படிச்சேம்ப்பா' என்பாராம். கஷ்டப்பட்டு எழுதுகிறவனிடம் கட்டம் கட்டமாக வருகிறது என்று எப்படிச் சொல்வது?

சரி செய்து, கடைசியாக வந்த நீளமான மெயிலைத் திறந்தேன். பாய் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மெதுவாகப் படித்தார். கம்பெனியில் இன்னும் இரண்டு வருடம் இருக்கச் சொல்கிறார்கள், எனக்கு மனசு இல்லை, ஊருக்கு வந்து உங்களோடு மண்டியைப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன், நீங்கள் சரி என்று சொன்னால்தான் இங்கே கையெழுத்துப் போடுவேன், வேண்டாம் என்றால் வந்துவிடுகிறேன், வெள்ளிக்கிழமை சொல்லுங்கள். எனக்கு எழுந்து வெளியே போய்விடலாம் போலிருந்தது. பாய் காலண்டரைப் பார்த்தார், போனைப் பார்த்தார். "போன வெள்ளி கேட்டான்மா, 'வாப்பா, சரியா?'ன்னு. நானு 'சரிப்பா, சரிப்பா'ன்னு ரெண்டு தடவ சொன்னேன்."

ஏழில் குரு

ஆவணி பிறந்த நாலாம் நாளே அரக்கோணத்திலிருந்து ஒரு வரன். பையனின் அப்பா நாகரிகமானவர், ஜாதகத்தை மெயிலில் அனுப்பிவிட்டார். அப்பா கடம்பத்தூர் ஸ்டேஷன் எதிரே இருந்த பிரவுசிங் சென்டரில் அதை பிரின்ட் எடுத்துக்கொண்டு நேராக ஜோசியரிடம் போனார். பத்துக்கு ஒன்பது பொருத்தம். அதற்கு மேல், பையனுக்கு ஏழாம் இடத்தில் குரு! கட்டத்தில் 'கு' என்று இரண்டு இடத்தில் இருந்ததாம். ஒன்று குரு, இன்னொன்று குளிகன் என்று ஜோசியரே பங்கு பிரித்து, மொத்தம் ஒன்பது இருக்கிறது என்று எண்ணிப் பார்த்துத் திருப்தியாகிவிட்டார். செவ்வாய் எங்கே என்று யாருமே கேட்கவில்லை. அப்பா ஒரு கிலோ ஜாங்கிரியோடு வீட்டுக்கு வந்தார். "திங்கக்கெழமைலேர்ந்து வேலைக்கி வரலன்னு ஓனராண்ட சொல்லிடு" என்றார். எனக்குக் கையில் கொடுத்த ஜாங்கிரியைக் கடிக்கவே முடியவில்லை. நாலு மாதத்தில் ஒரு வேலையை அவ்வளவு நேசிக்க முடியுமா என்று கேட்டால், முடியும்.

அந்தத் தாளைக் கையில் வாங்கிப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. ஒரு ஃபாண்டில் எழுதியதை வேறொரு தமிழ் ஃபாண்டில் திறந்தால், பாதி எழுத்து சரியாக வரும், மீதி வேறு எழுத்தாகிவிடும். செவ்வாய்க்குப் போடுகிற 'செ' இருக்க வேண்டிய இடத்தில் 'கு' உட்கார்ந்திருக்கிறது. பாவத்தையும் சொல்லிவிடுகிறேன், அந்த சென்டரில் பேப்பர் படிப்பதற்காக வேறு ஃபாண்டை வைத்துவிட்டு வந்தவளே நான்தான். "அப்பா, இது தப்பான ஃபாண்டு. ஏழுல இருக்கறது குரு இல்ல, செவ்வாயா இருக்கும்" என்றேன்.  என்னுடையது செவ்வாய் தோஷம் இல்லாத சுத்த ஜாதகம். செவ்வாய் ஏழில் இருந்தால் இந்த வரன் இல்லை. "வேல போவுதேன்னு சொல்ற" என்றார் அப்பா.  வேலை போகக் கூடாது என்பது உண்மைதான், ஃபாண்ட் தப்பு என்பதும் உண்மைதான். இரண்டும் ஒரே வாயிலிருந்து வந்தால் யார் நம்புவார்கள்? "நான் மவுஸ தொடவே மாட்டேன். நீயே வந்து மாத்திப் பாரு" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை இருவரும் போனோம். அப்பா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. மவுஸை ஸ்பேனர் மாதிரி இறுக்கிப் பிடித்தார். நான் இரண்டு அடி தள்ளி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். மேலே டூல்ஸ், அதில் ஆப்ஷன்ஸ், அதில் ஃபாண்ட்ஸ், மூன்றாவது பெயர், ஓகே. ஒவ்வொன்றாகச் சொன்னேன், ஒவ்வொன்றையும் தேடித் தேடி அழுத்தினார்.  செவ்வாய் வேறு எங்காவது நல்ல இடத்தில் இருந்துவிட்டால் என் வேலையை நானே முடித்துக்கொண்டவள் ஆவேன். திரை ஒருமுறை சிமிட்டியது. ஏழாம் கட்டத்தில் 'செ'. இன்னொரு 'கு' தன் இடத்திலேயே இருந்தது. அப்பா விரலைக் கண்ணாடிமேல் வைத்து ஒன்பதையும் பெயர் சொல்லி எண்ணினார். அப்புறம் பழைய ஃபாண்டுக்கு மாற்றினார், 'கு' வந்தது. மறுபடி மாற்றினார், 'செ' வந்தது. மூன்று முறை அப்படிச் செய்து பார்த்துவிட்டு மவுஸைக் கீழே வைத்தார். எழுந்திருக்காமலே சொன்னார்: "ஸ்பிரிங்கு இருக்க வேண்டிய எடத்துல ரெண்டாவதா ஒரு வாஷரப் போட்டுட்டு, எண்ணிக்க சரியா கீதுன்னு மூடிட்டாரு ஜோசியரு. நீதான் பிரிச்சிப் பாத்த. திங்கக்கெழம வேலைக்கிப் போ கோமதி. அந்த ஜாங்கிரில பாதிய உங்க ஓனருக்கு எடுத்துக்கினு போ."

அந்தக் கடையில் அப்புறமும் ஆறு வருடம் இருந்தேன். தெரிய வந்த எழுத்தைப் படித்த பிறகும் முகம் மலர்ந்து நின்ற ஒரே கஸ்டமர் நான்தான்.